கடலின் மேற் சுமத்தப்படும் பழி

இலங்கையின் தென்மேற்குக் கரை தேய்ந்து வருவது பற்றிப் பேச்செழும் போதெல்லாம் ‘கடலின் சீற்றம்’ என்ற தொடரே முன்வைக்கப்படுகின்றது. வசதியான தொடர்தான். சீற்றத்திற்குக் காரணம் கேட்பார் இல்லை. பொறுப்பாளியைத் தேடுவாரும் இல்லை. அம்பலாங்கொடைக்கும் இக்கடுவைக்கும் இடைப்பட்ட கரையின் வரலாறோ வேறு கதை சொல்கின்றது.

அக்குரல, தெல்வத்தைப் பகுதிகளில் முருகைக்கல் நெடுங்காலமாக அகழப்பட்டுச் சூளைகளிலே சுண்ணாம்பாக எரிக்கப்பட்டது. நிலத்தடியிற் கிடந்த பழம் படிவுகளோடு அமையாது, கடலினுள் அலையை முறித்து நின்ற கற்பாரும் உடைக்கப்பட்டது. 1984இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி தென்மேற்கு, தெற்குக் கரைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 தொன் முருகைக்கல் அகழப்பட்டது. நாட்டின் கட்டடத் தொழிலுக்கு வேண்டிய சுண்ணாம்பின் பெரும்பகுதி இக்கரையிலிருந்தே சென்றது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, கரையோர வலயத்தில் முருகைக்கல்லை அகழ்வதும் எரிப்பதும் தடைசெய்யப்பட்டன. நகரத்திலே அச்சுண்ணாம்பை வாங்கிச் சுவரெழுப்பியவனை அத்தடை எக்கேள்வியும் கேட்கவில்லை. சூளையில் வெந்த கூலியாளே குற்றவாளியானான்.

2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையின் பின் இக்கரையை அளந்த ஆய்வாளர் கண்டது சிந்தனைக்குரியது. கற்பார் எஞ்சியிருந்த இக்கடுவையில் நீர் இரண்டு மூன்று மீற்றர் உயரத்துடன் கரையோரத்திலேயே அடங்கிற்று. சில கிலோமீற்றர் வடக்கே, கற்பார் அகழப்பட்டிருந்த பெரலியவில், அது பத்து மீற்றரளவு உயர்ந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உட்புகுந்தது. புகையிரதம் ஒன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களுடன் அழிந்தது அங்கேதான். கடலடித்தளத்தின் அமைப்பும் இதிற் பங்குடையது என்பார் உளர், அது மெய்யே. ஆயின் அத்தளத்தைச் சிதைத்தவர் எவர்?

1998இன் கடல் வெப்பமே முருகையைக் கொன்றது, மனிதன் என் செய்வான் என்பது மற்றொரு வாதம். அவ்வாண்டில் இக்கடுவையின் முருகைகளிற் பெரும்பகுதி வெளிறி மாண்டமை உண்மையே. முருகையின் சிற்றுயிர்களை உண்டு வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கு இரை அருகிற்று. ஹலிமெடா என்னும் பாசி இடத்தைப் பிடித்தது. எனினும் செத்த கற்பார் நின்ற இடத்திலே நின்று சில காலமாவது அலையை முறிக்கும். புதிய முருகைக் குஞ்சுகள் அதன்மேற் பற்றி வளரவும் கூடும். உடைத்தெடுத்த இடத்தில் எஞ்சும் சல்லியோ ஒவ்வோர் அலைக்கும் புரளும். அதில் எவ்வுயிர் பற்றும்?

பரிகாரமென வந்தது கல்லணை. இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றரிலும் குறைவு. ஆகவே நண்டும் மட்டியும் வாழும் ஈரமணற் பட்டி இயல்பிலேயே ஒடுங்கியது. கல்லணை அதனையும் விழுங்கிவிடுகின்றது. பெருக்கெல்லைக்கு மேலே மணலைத் தோண்டி முட்டையிட வரும் ஆமை பாறாங்கல்லில் மோதித் திரும்புகின்றது. அணை முடியுமிடத்தில் அரிப்பு அயலூரைத் தொடங்குகின்றது. அவ்வூரார் தமக்கும் அணை கேட்கின்றனர்.

மேற்குக் கரையிலும் இதே நியாயந்தான். மகா ஓயாவின் மணலை லொறிகளில் ஏற்றிவிட்டு, மாரவிலக் கரைக்கு மணல் வரவில்லையே என்று வியப்பவர்கள், கடலை ஏசுவதற்கு முன் தம் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கட்டும்.