புகை இல்லாத கரி அடுப்பும் ஆளைக் கொல்லும்!

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி வந்தால் உறைபனி விழும். குளிர் 0 டிகிரியை நெருங்கும் இரவும் உண்டு. கரி அடுப்பை வீட்டுக்குள் வைத்து, கதவு, ஜன்னலை இறுகச் சாத்திப் படுக்கிறவர்கள் பலர்.

விபரீதம் அங்கேதான்!

"கரி நல்லா தணலாயிடுச்சு. புகையே இல்லே. இனி என்ன பயம்?" என்கிறார்கள். தணலில் இருந்துதான் கார்பன் மோனாக்சைடு கிளம்புகிறது. நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதுமா? போதாது. வாசலில் வைத்துக் குளிர்காய வேண்டியது. உள்ளே கொண்டுவரவே கூடாது.

உள்ளே மூட்டியிருக்கும்போது தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் எல்லாரும் உடனே வெளியேற வேண்டும். அப்புறம் நேரே ஆஸ்பத்திரி!

குளிருக்கு இன்னொரு கம்பளி போர்த்தலாம். போன உயிர் வருமா?