கற்பனை என்றால் கேள்வியில்லையா?

வீடியோ விளையாட்டுகளிலுள்ள அரசியலைப் பற்றி எவராவது வாய் திறந்தால், "அது கற்பனை உலகமய்யா, அந்த உலகத்துக்குள் வைத்துத்தான் யோக்கியதை பார்க்கவேண்டும்" என்பதாக ஒரு சமாதானம் சொல்லப்படுகின்றது. சரி, அப்படியே பார்ப்போம்.

அமெரிக்கக் கம்பெனி ஒன்று 2013-ல் செய்த 'பயோஷாக் இன்பினிட்' என்னும் விளையாட்டில், 1912-ம் வருஷத்திய கொலம்பியா என்றோர் ஆகாயப் பட்டணம். அதை ஆளுபவன் காம்ஸ்டாக் என்கின்ற ஒரு 'தீர்க்கதரிசி'. அங்கு லாட்டரியில் விழும் பரிசு என்ன தெரியுமா? வெள்ளை ஆணும் கறுப்புப் பெண்ணுமான ஒரு ஜோடியின்மீது முதல் பந்தை வீசி அடிக்கும் பாக்கியம்! பிங்க் என்னும் முதலாளியிடமோ வேலையே ஏலம். குறைந்த நேரத்தில் முடிப்பதாகக் கேட்பவனுக்கே அது கிடைக்கும். செய்யாத கொலைக்குப் பழி சுமந்த டெய்ஸி பிட்ஸ்ராய் என்ற கறுப்புப் பெண், இந்தத் தொழிலாளரைத் திரட்டிக் கலகம் செய்கிறாள்.

இவ்வளவையும் நமக்குக் காட்டியவர்கள் விளையாட்டை எழுதியவர்களேயாகும். காட்டிவிட்டு, காம்ஸ்டாக்கும் டெய்ஸியும் ஒன்றுதான் என்று கதாநாயகன் வாயால் தீர்ப்பும் சொல்லவைத்து, அதற்கு ருசுவாக அவளை ஒரு சிறுவனைக் கொல்லப்போகிறவளாக நிறுத்தி, எலிசபெத் என்னும் வெள்ளைப் பெண்ணின் கையால் சாகடிக்கிறார்கள். கலகக்காரர் கொடுமையே செய்யமாட்டார் என்று நாம் சொல்லவரவில்லை. அந்த உலகத்துத் தராசிலேயே நிறுத்தாலும் இவ்விரு தட்டுகளும் சமமாகுமா?

2014-ல் வந்த அநுபந்தத்தில், அந்த மிரட்டல் வேறு இருவர் சொல்லிக்கொடுத்த நடிப்பு என்று மாற்றிவிட்டார்கள். எதற்காக நடிப்பாம்? எலிசபெத் கொலைக்குத் துணியவேண்டும் என்பதற்காகவாம்! தொழிலாளருக்காகக் கிளம்பியவள் எலிசபெத்தின் படிப்புக்காகச் சாகவேண்டியிருக்கிறது.