கோலிக்கும் குதிக்கால் உண்டு

முதலில ஒரு விளக்கம். தலைப்பில இருக்கிற கோலி விராட் கோலி இல்லை. ஐஸ் ஹொக்கியில வலைக்கு முன்னால நிண்டு பக்கைத் தடுக்கிற ஆள். கிரிக்கெட் எண்டு நினைச்சு வந்த ஆக்கள், வந்ததுக்கு இருந்து வாசிச்சிட்டுப் போங்கோ :-)

ரெண்டாவது, இது சண்டைப் பதிவு. ஆரோட சண்டை எண்டால், "மச்சான், எப்ப திரும்பி வாறாய்?" எண்டு ஏழு மாசமா வட்ஸ்அப்பில கேட்டுக்கொண்டிருக்கிற என்ர அணிக்காரரோட. அதோட, எட்டாம் இலக்கம் போடவேண்டிய காலுக்கு ஒன்பதரை ஸ்கேட்டை வித்த கடைக்காரரோடயும். ரெண்டு பகுதிக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேக்காதையுங்கோ. சம்பந்தம் என்ர வலது குதிக்காலில ஒரு தழும்பாக் கிடக்கு.

எங்கட லீக் ஸ்காபரோவில ஞாயிறு இரவுகளில நடக்கிறது. பெரும்பாலும் பத்தே முக்கால் ஆட்டம்தான் கிடைக்கும், நல்ல நேரமெல்லாம் சின்னப் பிள்ளையளுக்கு. அணியில தமிழர் நாலு பேர், மிச்சம் ஸ்காபரோவில உள்ள எல்லா நாட்டுக்காரரும். கப்பும் இல்லை, காசும் இல்லை. உண்மையில ஆளாளுக்குக் காசு கட்டித்தான் விளையாடுறது. கோலி மட்டும் கட்டத் தேவையில்லை. ஏன் எண்டால் கோலி கிடைக்கமாட்டான். ரொறொன்ரோவில கோலியை வாடகைக்குப் பிடிச்சுத் தாற ஆக்கள் இருக்கினம். 2006 இல 'ரென்ட் எ கோலி' எண்டு ஒரு தொலைக்காட்சித் தொடரே இதை வைச்சு வந்தது, கதை நடக்கிறதும் ரொறொன்ரோவிலதான். அவ்வளவு பஞ்சம். ஆளே கிடைக்காட்டில் வலைக்கு முன்னால ஓட்டை போட்ட துணியைக் கட்டித் தொங்கவிட்டுட்டு விளையாடுவினம். துணியிட்ட ஒரு நல்ல குணம், அதுக்கு நோகாது.

இந்த "கோலிக்கு இலவசம்" எண்டதிலதான் பிரச்சினையே தொடங்குது. நீ சும்மாதானே விளையாடுறாய், அப்ப கூப்பிட்டால் வரத்தானே வேணும் எண்டு ஒரு கணக்கு ஒருத்தரும் சொல்லாமலே எல்லாற்ற மண்டையிலயும் ஏறிப்போகுது. என்ர பாட், கையுறை, முகமூடி, நெஞ்சுக்கவசம் எல்லாத்துக்கும் நான் குடுத்த காசுக்கு ஒரு பழைய கார் வாங்கி ஓடலாம். அது ஒருத்தற்ற கணக்கிலயும் இல்லை. சரி, காசை விடுங்கோ. உடம்புக் கணக்குக்கு வாறன்.

இனி ஸ்கேட். ஹொக்கி ஸ்கேட் போட்டுப் பழக்கமில்லாத ஆக்களுக்கு ஒரு விஷயம். ஸ்கேட்டின்ர இலக்கமும் சப்பாத்தின்ர இலக்கமும் ஒண்டில்லை. பொதுவா ஒண்டு, ஒண்டரை குறைச்சுத்தான் ஸ்கேட் எடுக்கவேணும். நேரா நிக்கேக்க பெருவிரல் முன்பக்கத்தை மெல்ல முட்டவேணும், முழங்காலை மடிச்சுக் குந்தினால் விரல் கொஞ்சம் பின்வாங்கி, குதிக்கால் பின்பக்கக் குழிக்குள்ள போய் இறுகி இருக்கவேணும். குனிஞ்சு நிக்கேக்க குதிக்காலுக்குப் பின்னால ஒரு விரல் சுகமாப் போகுது எண்டால் அந்த ஸ்கேட் பெரிசு. லேஸ் கட்டாமல், மேலயிருந்து மூண்டாவது ஓட்டைச் சோடிக்குக் குறுக்கால ஒரு பென்சிலை வைச்சுப் பாக்கிறதும் ஒரு முறை. பென்சில் ரெண்டு பக்கமும் தொட்டுக்கொண்டு கிடக்காமல் நடுவில பாதத்தில முட்டிக்கொண்டு நிண்டால் ஸ்கேட்டுக்கு ஆழம் காணாது, லேஸ் தசைநாணை அறுக்கும். அகலமும் வேற வேற இருக்கு. என்ர பாதம் அப்பாவின்ர பாதம், முன்னுக்கு அகலம், குதிக்கால் ஒடுக்கம். இதெல்லாம் பத்து நிமிஷ வேலை. ஒரு கதிரை, ஒரு பென்சில், விஷயம் தெரிஞ்ச ஒரு ஆள் காணும்.

எனக்கு நடந்தது என்ன? நகரத்துக்கு வெளியில ஒரு பெரிய கடை, பேர் வேண்டாம். அந்தப் பெடியன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "சப்பாத்து என்ன இலக்கம்?" ஒன்பதரை எண்டன். ஒன்பதரைப் பெட்டி வந்தது. குதிக்கால் ஆடுது எண்டு சொன்னன். தடிச்ச சொக்ஸ் ரெண்டு சோடி போடுங்கோ எண்டான். பிறகு ஒருக்கால் போய்ச் சொன்னன். அடுப்பில வைச்சுச் சூடாக்கித் தாறன், காலுக்கு ஏத்தமாதிரிப் படியும் எண்டான். ஸ்கேட்டைச் சூடாக்கினால் உள்பக்கம் இளகிக் காலின்ர வடிவத்துக்கு வாறது உண்மைதான். ஆனால் சூடாக்கி ஒன்பதரையை எட்டாக்கேலாது. அது தோசை மா இல்லை.

கோலிக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் எண்டு விளங்கப்படுத்தவேணும். மற்ற ஆட்டக்காரர் முன்னுக்கு ஓடுறவை. கோலி பக்கவாட்டில தள்ளுறவன். ஒரு பக்கம் தள்ளு, நில், மற்றப் பக்கம் தள்ளு, முழங்காலில விழு, எழும்பு. ஒரு ஆட்டத்தில இது எத்தினை தரம் எண்டு எண்ணிப் பாத்ததில்லை, எண்ணேலாது. கோலி ஸ்கேட்டின்ர கத்தி மற்றவையின்ர கத்தியை விடத் தட்டை, தடிப்பும் கூட. சப்பாத்தின்ர பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்வா வெட்டியிருப்பினம், கணுக்கால் மடிய வசதியா. குதிக்கால் இறுக்கமா இருந்தால் எல்லாம் சரி. ஆடினால், ஒவ்வொரு தள்ளுக்கும் முதலில கால் சப்பாத்துக்குள்ள நகரும், பிறகுதான் கத்தி ஐஸைப் பிடிக்கும். அந்த இடைவெளியில பக் வலைக்குள்ள போயிடும். அது பரவாயில்லை. ஒவ்வொரு தரமும் குதி எலும்பு அந்த இறுகின விளிம்பில உரஞ்சுது பாருங்கோ, அதுதான் பரவாயில்லை எண்டு விடேலாத விஷயம்.

குதிக்காலின்ர பின்பக்கம் எலும்பு புடைக்கிறதுக்கு ஹக்லண்ட் எண்ட சுவீடன் வைத்தியரின்ர பேர் வைச்சிருக்கினம். 1920களிலயே அவர் எழுதிவைச்ச விஷயம். சில பேருக்கு எலும்பு அமைப்பே அப்படி, அதில இறுகின சப்பாத்து தொடர்ந்து உரஞ்சினால் எலும்புக்கும் தசைநாணுக்கும் இடையில இருக்கிற சின்ன நீர்ப்பை வீங்கி, தசைநாணும் சேர்ந்து கெட்டுப்போகும். என்ர எலும்பு கொஞ்சம் அப்படித்தானாம். ஆனால் நாப்பத்தொரு வருஷம் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்த எலும்பு, அந்த ஸ்கேட்டுக்குள்ள ரெண்டு வருஷத்தில சத்தம் போடத் தொடங்கினது. காலமை கட்டிலால இறங்கி முதல் நாலு அடி வைக்கேக்க வாற நோவை எழுத்தில கொண்டுவரேலாது.

சத்திரசிகிச்சையில எலும்பின்ர புடைப்பைச் செதுக்கி, வீங்கின பையை எடுத்து, அக்கிலிஸ் தசைநாணின்ர ஒரு பகுதியைக் கழட்டித் திரும்ப எலும்பில பிணைச்சு விட்டவை. கழட்டிப் பூட்டின தசைநாண் சொன்ன சொல்லுக் கேக்காது. முதலில கால் ஊன்றவே கூடாது. பிறகு உயரமான பிளாஸ்ரிக் சப்பாத்து, அதுக்குள்ள குதிக்குக் கீழ ஆப்புகள், நாள் போகப்போக ஒவ்வொரு ஆப்பா எடுப்பினம். வலது கால் எண்டதால கார் ஓட்டேலாது. மனிசிதான் எல்லா இடமும் கொண்டுபோய் இறக்கினவ. ஆறு மாசத்துக்கு முதல் ஐஸைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம், ஒரு வருஷமும் எடுக்கலாம் எண்டு சத்திரசிகிச்சை நிபுணர் முதல் நாளே சொல்லிப்போட்டார். அதை அணிக்கும் அப்படியே எழுதி அனுப்பினன்.

மூண்டாம் மாசமே தொடங்கியிட்டினம். "நீ நிண்டால் காணும், தடுக்கத் தேவையில்லை." "வலி மருந்து போட்டுட்டு வா." எல்லாத்துக்கும் மேல, எங்கட கப்டன் அனுப்பின பிரம்மாஸ்திரம்: "டேவிட் ஏயர்ஸ் மாத்தின சிறுநீரகத்தோட என்எச்எல்லில விளையாடினவர்!"

இதுக்குத்தான் இந்தப் பதிவே. ஏயர்ஸின்ர கதை தெரியாத ஆக்களுக்கு: 2020 பெப்ரவரி 22, ரொறொன்ரோவில மேப்பிள் லீவ்ஸுக்கும் கரோலைனாவுக்கும் ஆட்டம். கரோலைனாவின்ர ரெண்டு கோலியும் காயப்பட்டுப் போச்சினம். அவசரக் கோலியா அரங்கில இருந்தவர் ஏயர்ஸ், வயசு 42, ஒரு காலத்தில ஐஸை மட்டப்படுத்துற சம்போனி வண்டி ஓட்டினவர். இறங்கினார், முதல் ரெண்டு அடியும் உள்ள போச்சு, பிறகு வந்த எட்டையும் தடுத்தார், கரோலைனா 6-3 எண்டு வெண்டது. எனக்கும் கண் கலங்கின ஆட்டம்தான். ஆனால் சிறுநீரகம் மாத்தினது எப்ப? 2004 இல, அவற்ற அம்மா குடுத்தது. இடையில பதினாறு வருஷம் இருக்கு கப்டன்! அந்தப் பதினாறு வருஷத்தையும் அழிச்சுப்போட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலால எழும்பி நேர வலைக்குள்ள ஓடினமாதிரிக் கதை சொல்லக்கூடாது.

உதாரணம் வேணுமெண்டால் நான் ஒண்டு தாறன். பொஸ்ரன் புறுயின்ஸின்ர ரூக்கா றாஸ்க். 2021 கோடையில இடுப்பில சத்திரசிகிச்சை. 2022 ஜனவரியில திரும்பி வந்தார். நாலே நாலு ஆட்டம். பெப்ரவரி 9 ஆம் திகதி, உடம்பு ஒத்துழைக்கேல்லை எண்டு ஓய்வு. அவருக்குப் பின்னால ஒரு பெரிய கழகமும், கழகத்தின்ர வைத்தியரும், பிசியோக்காரரும் நிண்டவை. எனக்குப் பின்னால ஒரு ரப்பர் பட்டியும் வீட்டு மாடிப்படியும்.

பிசியோ எண்டதும் இன்னொண்டு ஞாபகம் வருது. ஒன்ராறியோவில சத்திரசிகிச்சைக்கு ஓகிப் காசு கட்டும். பிறகு வாற பிசியோவுக்கு? 65 அல்லது அதுக்கு மேல இருக்கவேணும், இல்லாட்டில் 19 அல்லது அதுக்குக் கீழ இருக்கவேணும், இல்லாட்டில் ஆஸ்பத்திரியில ஒரு இரவாவது தங்கியிருக்கவேணும், இல்லாட்டில் அரச உதவிப்பணம் எடுக்கிற ஆளா இருக்கவேணும். எனக்குக் காலமை வெட்டிப் பின்னேரம் வீட்டை அனுப்பினவை. நடுவயசு, வேலைக்குப் போற ஆள். ஒண்டிலயும் அடங்கேல்லை. வேலையிடக் காப்புறுதி பாதி தந்தது, மிச்சம் கைக்காசு. "வலி மருந்து போட்டுட்டு வா" எண்ட ஆக்களில ஒருத்தரும் இந்த பில்லைக் கேட்டதில்லை.

கோலி இல்லாட்டில் அணி உடைஞ்சுபோகும் எண்டு சொல்லுகினம். அது பொய்யில்லை. பாவம்தான், ஞாயிறு இரவுக்காக ஒரு கிழமை முழுக்க வேலை செய்யிற பெடியள். ஆனால் அந்தப் பஞ்சத்தை வைச்சு என்னை இழுக்கிற ஆக்கள் ஜாக் பிளான்டைப் பற்றி ஒருக்கால் வாசிக்கவேணும். 1959 நவம்பர் 1, நியூ யோர்க் மடிசன் ஸ்குவயர் கார்டன். அன்டி பாத்கேற் அடிச்ச பக் மொன்றியல் கோலி பிளான்டின்ர முகத்தைக் கிழிச்சுது. உள்ள போய்த் தையல் போட்டார். பயிற்சியில முகமூடி போட்டுப் பழகினவர்தான், ஆட்டத்தில போட பயிற்றுநர் டோ பிளேக் விடேல்லை. அண்டைக்குப் பிளான்ட் சொன்னார், முகமூடி இல்லாமல் இறங்கமாட்டன் எண்டு. அந்தக் காலத்தில அணிக்கு ரெண்டாவது கோலி இல்லை. பிளேக்குக்கு வேற வழியில்லை, விட்டார். மொன்றியல் 3-1 எண்டு வெண்டது. கோலிப் பஞ்சம் அண்டைக்குப் பிளான்டின்ர பக்கம்தான் வேலை செய்தது. இண்டைக்கும் அப்படித்தான் செய்யவேணும் எண்டுறன். ஒருத்தன்தான் இருக்கிறான் எண்டால் அவன்தானே நிபந்தனை போடவேணும்?

அம்மாவின்ர கட்சி வேற. "உனக்கு இந்த வயசில உந்த விசர் விளையாட்டு வேணுமோ?" எண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஃபோனில. அவவுக்கு "இனி வேண்டாம்", கப்டனுக்கு "இப்பவே வா". ரெண்டு பேரும் குதிக்காலை மட்டும் விசாரிக்கிறேல்லை.

நான் விசாரிக்கிறன், ஒவ்வொரு நாளும். ஒற்றைக் காலில நிண்டு குதியைத் தூக்கி இறக்கிறது. இடது காலில இருபத்தஞ்சு வருது. வலது காலில நேற்று பதினொண்டு, போன மாசம் ஆறு. பிசியோக்காரி ரெண்டு காலும் கிட்டத்தட்ட ஒண்டா வரட்டும் எண்டு சொல்லியிருக்கிறா. அதுக்குப் பிறகு பாட் இல்லாமல் சும்மா சறுக்கிறது, பிறகு பக்கவாட்டுத் தள்ளு, கடைசியா விழுந்து எழும்புறது. ஸ்கேட்டும் புதுசா எடுக்கவேணும். வெட்டின பிறகு குதிக்காலின்ர வடிவமே வேற, பழைய அளவு ஒண்டும் செல்லாது. இந்த முறை ஒரு சின்னக் கடை. வயசுபோன ஒரு ஆள் கதிரையில இருத்தி, ரெண்டு காலையும் தனித்தனியா அளந்து, தழும்பைத் தொட்டுப் பாத்துப்போட்டு, "வீக்கம் முழுக்க வத்தினாப் பிறகு வா, இப்ப விக்கமாட்டன்" எண்டு திருப்பி அனுப்பிப்போட்டார்.

ஞாயிறு ஆட்டத்துக்கு வாடகைக் கோலி பிடியுங்கோ கப்டன். காசைப் பதினாலு பேரும் பங்கு போடுங்கோ. என்ர பங்கும் அனுப்பிவிடுறன்.

பி.கு: எட்டாம் இலக்கக் காலுள்ள, சம்பளம் கேக்காத, தமிழ் விளங்கிற கோலி ஆருக்கும் தெரிஞ்சால் கப்டனுக்குச் சொல்லுங்கோ. அந்த ஒன்பதரை ஸ்கேட்டை மட்டும் இரவல் கேக்கவேண்டாம், அதை எறிஞ்சிட்டன்.