யாருடைய சம்மதம்?

என் தங்கச்சி எம்.பார்ம். முடித்தவள். பெயர் வேண்டாம். இன்னும் மனுப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். பெயரை அச்சில் ஏற்றினால் பாக்கியிருக்கிற கதவுகளும் சாத்திக்கொள்ளும். நான் தமிழ் படித்தவன். மருந்து பற்றி எனக்குத் தெரிந்தது காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு ஒரு பொட்டலம். அப்புறம் ஏன் இதை எழுத வந்தேன் என்றால், இரண்டு வருஷமாக அவளுக்குத் துணையாகப் போய்ப் பல்கலைக்கழக வராந்தாக்களில் உட்கார்ந்திருந்தவன் நான். உள்ளே நாற்காலியில் இருப்பவர்களுக்குத் தெரியாத சில சங்கதி வராந்தாவில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும்.

மருந்தியலில் முனைவர் பட்டத்துக்கு மனுப் போடுவது எப்படி? மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று, நுழைவுத் தேர்வு மதிப்பெண், மத்திய நிறுவனம் என்றால் அவர்கள் கேட்கும் படிவத்தில் தாசில்தார் கையெழுத்திட்ட சாதிச் சான்று, நாலு பக்கத்தில் ஆய்வுச் சுருக்கம். இதெல்லாம் அலைந்தால் கிடைத்துவிடும். சேரிப் பிள்ளைகளுக்கு அலைவது புதிதா என்ன? கொக்கி கடைசியில்தான். 'நெறியாளரின் சம்மதக் கடிதம் இணைக்கவும்' என்று பல இடங்களில் ஒரு வரி இருக்கும். அச்சில் இல்லாத இடத்தில் வாயால் சொல்வார்கள்: "யாராவது ஒரு கைடப் பாத்துப் பேசி முடிச்சிட்டு வாம்மா." பேசி முடிப்பது! கல்யாணத்துக்குப் பேசி முடிக்கிற மாதிரி. நடப்பதும் அப்படித்தான் நடக்கிறது. ஊர் கேட்கிறார்கள், அப்பா தொழில் கேட்கிறார்கள், யார் மூலமாக வந்தாய் என்று கேட்கிறார்கள்.

முதல் பேராசிரியர் பத்து நிமிஷம் நன்றாகத்தான் பேசினார். எம்.பார்மில் கீழாநெல்லிச் சாற்றை வைத்து எலியின் ஈரலில் இவள் செய்த வேலையைக் கேட்டார், தலையாட்டினார். பிறகு "எந்த ஊரு?" என்றார். சொன்னாள். "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். இந்த 'எந்தப் பக்கம்' என்ற கேள்வியைக் கேட்டு வளராதவர் நம்மில் யார்? எலியின் ஈரலுக்கும் ஊரின் கிழக்கு மேற்குக்கும் என்ன சம்பந்தம்? "பாலத்துக்கு அந்தாண்ட சார்" என்றாள். "இப்ப எங்கிட்ட வேகன்சி இல்லம்மா, அடுத்த செஷன் பாக்கலாம்." அதே செஷனில் அவரிடம் வேறொரு பையன் சேர்ந்தான்.

இரண்டாமவர் உட்காரவே சொல்லவில்லை. மூன்றாமவர் ஒரு பெண், கொஞ்சம் நம்பிக்கையோடு போனோம். ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "உங்களுக்கெல்லாம் கோட்டா இருக்கேம்மா. ஜி.எச்.ல பார்மசிஸ்ட் வேலைக்கு எழுதிப் போட்டுட்டு நிம்மதியா இரேன். இந்த ரிசர்ச்செல்லாம் அஞ்சு வருஷம் இழுக்கும், வீட்ல தாங்குவாங்களா?" திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். இந்தப் பிரியத்தை என்ன செய்வது? வீட்டுக்கு வந்து மூணு நாள் அவள் யாரிடமும் பேசவில்லை. அம்மாதான் என்னைக் கேட்டது: "ஏண்டா, அவதான் பாஸ் பண்ணிட்டாளே. அப்பறம் யாருகிட்டப் போயி என்னத்தடா கெஞ்சிக்கினு இருக்கீங்க?"

படிக்காத அம்மா கேட்ட அதே கேள்விக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டு விதியிலேயே பதில் எழுதிவைத்திருந்தது. சேர்க்கப்பட்ட மாணவருக்கு நெறியாளரைத் துறைதான் முறைப்படி ஒதுக்க வேண்டும், அதை மாணவரிடமோ ஆசிரியரிடமோ விடக் கூடாது என்றது அந்த விதி. 2016ஆம் ஆண்டு விதியும் ஒதுக்குவது துறையின் பொறுப்பு என்றே சொன்னது. அதாவது முதலில் சேர்க்கை, பிறகு நெறியாளர். நடைமுறையில் இதைத் தலைகீழாக்கி, முதலில் நெறியாளரின் கையெழுத்து, பிறகுதான் சேர்க்கை என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். சட்டம் பல்கலைக்கழகத்துக்கு இடஒதுக்கீடு விதித்தது. பல்கலைக்கழகம் வாசலைக் கொண்டுபோய்ப் பேராசிரியரின் அறைக் கதவில் மாட்டிவிட்டது. அந்த அறைக்குள் ரோஸ்டர் கிடையாது, சுழற்சி கிடையாது. அவர் சம்மதித்தால் சம்மதம், இல்லையென்றால் 'வேகன்சி இல்ல'.

இதில் ஒரு கணக்கு விளையாட்டும் இருக்கிறது. ஒரு பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை முனைவர் பட்ட மாணவர்களை வைத்துக்கொள்ளலாம். ஒருவன் முடித்துப் போனால் ஒரு இடம் காலி. ஒரு துறையில் ஒரு பருவத்துக்கு இரண்டு இடம் வருகிறது என்று வையுங்கள். இரண்டில் 15 விழுக்காடு எவ்வளவு? 0.3. பூஜ்யம் புள்ளி மூணு ஆளை எப்படிச் சேர்ப்பது என்று சிரிக்கிறார்கள். அடுத்த பருவமும் இரண்டு, மறுபடியும் 0.3. இப்படியே பத்து வருஷம் போனாலும் ஒரு முழு தலித் உருவாக மாட்டான். பருவம் பருவமாகக் கூட்டிக்கொண்டே வந்தால் நாலாவது பருவத்தில் ஒரு முழு ஆள் வந்துவிடுவான். ரோஸ்டர் என்பது அந்தக் கூட்டல்தான். கூட்டத் தெரியாதவர்களா இவர்கள்? மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கை நிறுக்கிறவர்கள்!

இந்தியாவில் மருந்தியல் பட்டப் படிப்பு 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அந்தத் துறை இன்றைக்கு அய்.அய்.டி.க்குள் இருக்கிறது. 2015 முதல் 2019 வரை அய்.அய்.டி.களில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்களில் பட்டியல் சாதியினர் 9.1 விழுக்காடு, பழங்குடியினர் 2.1 விழுக்காடு. நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு இது. சட்டப்படி வேண்டியது 15, 7.5.

தங்கச்சி சொல்லித்தான் எனக்கு இன்னொன்று தெரியும். ஆராய்ச்சிக்கு எலி வேண்டுமென்றால் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எதற்கு எலி, ஏன் இந்த இனம், ஏன் இத்தனை என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். சரியான ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஒரு எலியை ஏன் எடுத்தாய் என்பதற்குக் காரணம் எழுத வேண்டும். எங்க பிள்ளையை ஏன் எடுக்கவில்லை என்பதற்கு யாரும் எங்கேயும் ஒரு வரி எழுத வேண்டியதில்லை.

சம்மதக் கடிதம் கேட்காத இடம் என்றால் நேர்முகம். 2016 விதி என்ன செய்தது தெரியுமா? எழுத்துத் தேர்வில் 50 விழுக்காடு எடுத்தால் உள்ளே வரலாம், அதோடு அந்த மதிப்பெண் செத்தது. மிச்சத்தை நேர்முகம் தீர்மானிக்கும் என்றது. போராட்டங்களுக்குப் பிறகு 2018இல் எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று மாற்றினார்கள். 2022 விதியிலும் நுழைவுத் தேர்வுக்கு அதுதான். ஆனால் ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு நேர்முகம் மட்டும்தான். கஷ்டப்பட்டு மேலே வந்தவனுக்கும் முடிவு அந்த மூடிய அறைக்குள்தான். சேலத்திலிருந்து தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குப் போன முத்துக்கிருஷ்ணன் 2017 மார்ச்சில் இறந்தார். அதற்குச் சில நாள் முன்னால் அவர் எழுதியது இதைத்தான்: ஆய்வுச் சேர்க்கையில் சமத்துவம் இல்லை, வைவாவில் சமத்துவம் இல்லை. அந்தப் பல்கலைக்கழகமே அமைத்த நஃபே குழு, எழுத்து மதிப்பெண்ணுக்கும் நேர்முக மதிப்பெண்ணுக்கும் நடுவில் பாகுபாடு தெரிகிறது, 30ஐ 15 ஆக்குங்கள் என்று 2016இல் சொல்லியிருந்தது.

அது வரலாறு, சமூகவியல். அறிவியலில் இதெல்லாம் நடக்காது, பதில் சரியா தப்பா என்று பட்டென்று தெரிந்துவிடும் என்பார்கள். பதில் தெரியும் அய்யா, கேள்வியைப் பொறுக்குகிறவர் யார்? ஒருத்தனுக்கு 'உன் தீசிஸப் பத்திச் சொல்லு' என்று வரும். இன்னொருத்திக்கு எடுத்த எடுப்பில் ஒரு மூலக்கூறு, வினையின் படிநிலைகள், கரும்பலகை. பிளஸ் டூ வரைக்கும் தமிழில் படித்த பிள்ளை இங்கிலீஷில் ஒரு நொடி தயங்கினால் சப்ஜெக்ட் தெரியவில்லை என்று குறித்துக்கொள்கிறார்கள்.

பணத்துக்கு வருவோம். 2005இல் பட்டியல் சாதி ஆய்வாளர்களுக்கென்று ராஜீவ் காந்தி பெயரில் ஒரு உதவித்தொகை தொடங்கியபோது நெட் தேர்வு நிபந்தனை இல்லை. பிற்பாடு பெயரும் மாறியது, நெட் தகுதியும் வேண்டுமென்று ஆனது. இதில் மருந்தியல் பிள்ளைகளின் கதி என்ன? யு.ஜி.சி. நெட்டில் மருந்தியல் என்று ஒரு பாடமே கிடையாது. சி.எஸ்.அய்.ஆர். நெட்டில் உயிர் அறிவியலோ வேதியியலோ எழுத வேண்டும், அதையே அஞ்சு வருஷம் படித்த எம்.எஸ்சி. பிள்ளைகளோடு மோதி. மாதம் 37,000 ரூபாய் உண்டு, ஆனால் உன் பாடத்தில் பரீட்சை இல்லை. தமிழ்நாட்டு அரசு முழுநேர ஆய்வாளருக்கு ஊக்கத்தொகை தருகிறது, நல்லதுதான். அதுவும் சேர்ந்த பிறகு. சேருவதற்கு முன்னால் நடக்கிற அலைச்சலுக்கு எங்கம்மாவின் தோடுதான் ஊக்கத்தொகை.

சம்மதம் என்ற சொல் மருந்து ஆராய்ச்சியில் இன்னொரு இடத்திலும் வரும். புது மருந்தை மனுஷ உடம்பில் சோதிக்க வேண்டுமென்றால் அந்த மனுஷரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. ஊசி போடப்பட்டது 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு, பலர் பழங்குடி விடுதி மாணவிகள். 2010இல் நிறுத்தினார்கள். பிறகு சரிபார்த்த 9,543 சம்மதப் படிவங்களில் 1,948இல் கைநாட்டு, 2,763இல் கையெழுத்துப் போட்டது விடுதிக் காப்பாளர்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கண்டித்தது. எங்கள் உடம்பு தேவைப்பட்டபோது சம்மதத்தை வார்டனே கொடுத்துவிட்டார். எங்கள் மூளை உள்ளே வருகிறேன் என்கிறபோது சம்மதக் கடிதத்துக்கு வருஷக்கணக்கில் வராந்தாவில் நிற்கிறோம்.

அறிவு விஷயத்திலும் இதே கதைதான். 1987இல் அகத்தியர் மலைக்குள் போன ஆராய்ச்சியாளர்கள், கூட வந்த காணிக்காரர்கள் ஒரு பழத்தைத் தின்றுவிட்டு அலுப்பில்லாமல் நடப்பதைப் பார்த்தார்கள். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது, கம்பெனிக்கு உரிமம் போனது, வருமானத்தில் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தமானது. உலகம் மெச்சியது. மெச்சட்டும். ஆனால் ஆய்வுக் கட்டுரைகளின் மொழியில் அந்த மனுஷர் 'தகவலாளி'. இன்றைக்கும் இருளர் வைத்தியம், காணி வைத்தியம் என்று தலைப்பு வைத்து எத்தனை தீசிஸ்! இலை உள்ளே போகிறது, வேர் உள்ளே போகிறது. சேரியிலும் மலையிலும் கேட்ட தகவல் அட்டவணையாகப் போகிறது. தகவல் சொன்னவளின் பேத்தி போனால் 'எந்தப் பக்கம்?' அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர் என்பதை மருந்தியல் மாணவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தகுதி, தகுதி என்று எங்களிடமே வகுப்பெடுக்கிறார்கள்.

நம் ஆட்களையும் சொல்ல வேண்டும். மருத்துவ இடத்துக்கு ஊர்வலம் போகிறோம், நீட்டுக்கு எதிராகக் கத்துகிறோம். கத்த வேண்டியதுதான். ஆனால் முனைவர் பட்டச் சேர்க்கை என்றால் அது ஏதோ தனியாள் விவகாரம், படித்தவன் பிரச்சினை என்று விட்டுவிடுகிறோம். இன்றைக்கு முனைவர் பட்டத்துக்குள் போகாதவள் பத்து வருஷம் கழித்து அந்த நேர்முக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார மாட்டாள். அப்போதும் அங்கே அவர்களேதான். ஆய்வு மாணவராக இருக்கிற தோழர்களே, உங்கள் துறையில் எத்தனை இடம் காலி, எந்தப் பிரிவுக்கு என்று விளம்பரத்திலேயே போடச் சொல்லுங்கள். எழுத்து மதிப்பெண்ணையும் நேர்முக மதிப்பெண்ணையும் தனித்தனியே பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். சம்மதக் கடிதம் என்ற வரியைப் படிவத்திலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். 2009இலேயே எழுதிவைத்த முறையைத்தான் கேட்கிறோம்.

தங்கச்சியும் நானும் சேர்ந்து ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். கடந்த பத்து ஆண்டில் மருந்தியல் துறையில் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரிவுவாரியாக எத்தனை பேர், நேர்முகக் குழுவில் பட்டியல் சாதி உறுப்பினர் இருந்தாரா என்று இரண்டே கேள்வி. முப்பதாம் நாள் பதில் வந்தது, ஒரே வரி: கேட்கப்பட்ட வடிவில் தகவல் பராமரிக்கப்படவில்லை. மேல்முறையீடு எழுதியிருக்கிறோம். அவளுடைய அடுத்த நேர்முகம் வருகிற மாதம். இந்தத் தடவையும் வராந்தா வரைக்கும் நான் போவேன்.