பாவும் ஊடையும் ஆங்கிலமும்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டிலோ தை பிறந்தவுடன் பிறப்பது திருப்புதல் தேர்வுதான். அன்று முதல் பொதுத் தேர்வு முடியும் வரையில் ஆரணியின் நெசவாளர் தெருக்களில் இரண்டு ஓசைகள் ஒன்றோடொன்று போட்டியிடும். ஒன்று, தறியின் ஓசை. மற்றொன்று, "ஐ கோ, யூ கோ, ஹீ கோஸ்" என்று பிள்ளைகள் உருப்போடும் ஓசை. முதல் ஓசையினால் பட்டுப் புடவை உண்டாகிறது. இரண்டாவது ஓசையினால் என்ன உண்டாகிறது என்பதைப் பற்றி இந்த வாரம் நேயர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறோம்.

ஆரணிக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. 1751-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ராபர்ட் கிளைவ் இவ்வூருக்கு அருகில் போரிட்டு வெற்றி பெற்றான். அவனுடைய கூட்டத்தாரின் ஆட்சி 1947-ல் கப்பலேறியது. அவர்களுடைய இலக்கணம் மாத்திரம் கப்பலேற மறுத்து, நம் பிள்ளைகளின் வினாத்தாளிலேயே குடியிருந்து விட்டது! இதற்காகப் பாஷையின் மீது கோபம் கொள்வதில் பயனில்லை. உலகத்தோடு பேச அது வேண்டியிருக்கிறது. அதைக் கற்பிக்கும் முறையின் மீதுதான் நமக்குக் கோபம்.

முன்னெல்லாம் ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள் உண்டு. 2019-20 கல்வியாண்டு முதல் ஒரே தாள் என்று தமிழக அரசாங்கம் மாற்றியது. 2020-லும் 2021-லும் கொரோனா நோயின் காரணமாகத் தேர்வு நடைபெறாமலே பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் தேர்ச்சி பெற்றார்கள். ஆகவே அந்த ஒற்றைத் தாளைப் பொதுத் தேர்வில் முதன்முதல் கண்டவர்கள் 2022-ல் எழுதிய பிள்ளைகளே. 100 மதிப்பெண்ணுக்கு 35 வாங்கினால் தேறிவிடலாம். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால், தறி நெய்யும் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பை எட்டிப் பிடித்திருக்கும் ஒரு பெண் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் நன்றாக எழுதிவிட்டு, இந்த 35-க்கு இரண்டு குறைந்து நிற்கும்போது அந்த வீட்டில் நடக்கும் பேச்சு வேறு விதமாகப் போய்விடுகிறது. துணைத் தேர்வு இருக்கிறது என்று நாம் சொல்வோம். "போதும் படித்தது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தறியில் உட்காருவது இழிவான தொழில் என்று நாம் ஒருநாளும் சொல்ல மாட்டோம். பெண் விரும்பி உட்கார்ந்தால் வாழ்த்துவோம். ஆனால் 'தி' என்ற ஒற்றை எழுத்துச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாத குற்றத்துக்காகவா அவள் பள்ளிக்கூடத்தை விட வேண்டும்?

நம் நாட்டில் ஆங்கில இலக்கணத்துக்கு வேதம் போல் விளங்குவது ரென், மார்ட்டின் என்னும் இருவர் எழுதி 1930-களில் வெளிவந்த தடித்த புத்தகம். இவர்களில் ரென் என்பவர் நாவலாசிரியரும் ஆவார். நல்ல புத்தகந்தான், நம் மேஜையிலும் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயரின் குழந்தைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது அது. தாய்ப்பாலுடன் ஆங்கிலத்தைப் பருகிய குழந்தைகளுக்குத் தாம் ஏற்கனவே பேசுவதற்குப் பெயர் தெரிந்தால் போதும். நம் பிள்ளைகளுக்கோ பெயர் மட்டுந்தான் தெரிகிறது. "ஆர்ட்டிகிள் எத்தனை வகைப்படும்?" என்று கேட்டால் பளிச்சென்று விடை வரும், அடுத்த வாக்கியத்தில் ஆர்ட்டிகிளைக் காணோம்!

போப் ஐயர் 1839-ல் தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் கற்றார். பிறகு தம் நாட்டார் தமிழ் கற்பதற்காக ஆங்கிலத்திலேயே தமிழ் இலக்கணம் எழுதினார். தெரிந்த பாஷையின் தோளில் ஏறித்தான் தெரியாத பாஷையை எட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் பிள்ளைகளைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, எட்டிப் பார் என்று நாம் சொல்லிக் கொண்டிருக்கிறோம்.

'எ' என்பதையும் 'ஆன்' என்பதையும் எடுத்துக் கொள்வோம். உயிரெழுத்துக்கு முன்னால் 'ஓர்', உயிர்மெய்க்கு முன்னால் 'ஒரு' என்று ஆறாம் வகுப்பிலேயே நம் பிள்ளை படித்திருக்கிறான். ஓர் ஊர், ஒரு தறி. ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஆனால் எழுத்தைப் பாராமல் ஒலியைப் பார்க்க வேண்டும். இதற்கு நாம் ஓர் உபாயம் சொல்லுகிறோம். ஆங்கிலச் சொல்லைக் காதால் கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். மணியைக் குறிக்கும் சொல் ஆங்கில எழுத்தில் 'எச்' என்று தொடங்கினாலும் தமிழில் எழுதினால் 'அவர்' என்று வரும். முதலில் நிற்பது உயிர், ஆகவே 'ஆன்'. பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் தொடங்கினாலும் தமிழில் 'யுனிவர்ஸிட்டி' ஆகிறது. முதலில் நிற்பது உயிர்மெய், ஆகவே 'எ'. ஒரு பக்கச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் வேலை இதனால் மிச்சம்.

'தி' என்பதற்குத் தமிழில் ஈடான சொல் இல்லை என்பார்கள். சொல் இல்லை, வாஸ்தவம்; ஆனால் அந்த வேலையைச் செய்யும் உருபு இருக்கிறது. "புடவை வாங்கினேன்" என்று அம்மாள் சொன்னால் ஏதோ ஒரு புடவை. "புடவையை வாங்கினேன்" என்றால் நேற்றுக் கடையில் பார்த்து வைத்தோமே, அந்தப் புடவை. இந்த 'ஐ' உருபுக்குள் ஆங்கிலேயனின் 'தி' ஒளிந்துகொண்டிருக்கிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆனாலும் பிள்ளை ஒரு தடவை இதைக் கண்டு கொண்டானானால் 'தி' அவனுக்கு அந்நியமாக இராது.

அயற்கூற்றில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். காரணம், நம் பாஷையின் பெருந்தன்மை. "நாளைக்குக் கூலி தருகிறேன் என்று முதலாளி சொன்னார்" என்கிறோம். முதலாளி பேசியதில் ஒரு சொல்லைக் கூட நாம் தொடுவதில்லை. 'என்று' என்னும் காவற்காரனை வாசலில் நிறுத்திவிட்டால் தீர்ந்தது. ஆங்கிலத்தில் அப்படி விடமாட்டார்கள். 'நான்' என்பது 'அவர்' ஆக வேண்டும். 'வில்' என்பது 'வுட்' ஆக வேண்டும். 'நாளை' என்பது 'மறுநாள்' ஆக வேண்டும். கூலிக்கு நடந்து அலுத்த நெசவாளி வீட்டுப் பையனுக்கு, நாளை என்பது எப்பொழுதும் மறுநாளாக மாறிவிடும் என்பதை நாம் தனியாகக் கற்பிக்க வேண்டியதே இல்லை! மூன்று மாறுதல்களில் இரண்டை மட்டும் நினைவூட்டினால் போதும்.

செயப்பாட்டு வினைக்கு ஆரணியைப் போல் பொருத்தமான ஊர் வேறு இல்லை. பேச்சில் நாம் அதைத் தொடுவதேயில்லை. ஆனால் ஒரு தொழிலின் முறையைச் சொல்லும்போது ஆங்கிலம் அதில்தான் நடக்கிறது. பட்டுக்குச் சாயம் ஏற்றப்படுகிறது. பாவு தெருவில் நீட்டப்படுகிறது. இழைகள் தறியில் நிற்கும் பழைய பாவோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கப்படுகின்றன. ஊடை தாரில் சுற்றப்படுகிறது. ஜரிகை கோக்கப்பட்டு முந்தானை நெய்யப்படுகிறது. இப்படி வரிசையாக எழுதினால் பாடமும் ஆயிற்று, ஊரும் ஆயிற்று. ஓர் எச்சரிக்கை மட்டும். சாயமேற்றப்பட்டது என்பதற்கும் செத்தது என்பதற்கும் ஆங்கிலத்தில் உச்சரிப்பு ஒன்றே: 'டைட்'. நடுவில் 'ஒய்' எழுத்துக்குப் பதிலாக 'ஐ' எழுத்தைப் போட்டுவிட்டால் பட்டு சாயமேறாமல் உயிரை விட்டுவிடும். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இந்த வாக்கியங்கள் எதிலும் நெய்தவர் யார் என்று இல்லை. 'பை' என்ற சொல்லைப் போட்டு அவரைக் கடைசியில் சேர்க்கலாம். சேர்க்காமலும் விடலாம், இலக்கணம் ஆட்சேபிக்காது. கடையில் புடவையை விரித்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. பிள்ளைகளாவது சேர்த்து எழுதட்டும்.

ஒருமை பன்மை, வேற்றுமை முதலியவற்றை விரைவாகச் சொல்லிவிடுவோம். "பத்துப் புடவை" என்று நாம் ஒருமையில் சொன்னாலும் ஆங்கிலத்தில் பன்மை விகுதி கட்டாயம். நம்முடைய 'இல்' என்ற ஒரே உருபு, ஊரில், தறியில், காலையில் என்று எங்கும் போகும். ஆங்கிலத்தில் அதற்கு 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்று ஆட்கள்.

கடிதம் எழுதும் பகுதிக்கு வருவோம். இங்கேதான் நமக்கு மிகுந்த வருத்தம். விற்பனைக்கு வரும் வழிகாட்டி நூல்களில் உள்ள கடிதத்தைப் பிள்ளைகள் காற்புள்ளி உட்பட நெட்டுருப் போடுகிறார்கள். தேர்வில் சற்று மாற்றிக் கேட்டுவிட்டால், தெருவிளக்கு எரியவில்லை என்ற புகாரைக் கேட்ட இடத்தில் நூலகம் வேண்டுமென்ற மனு வந்து நிற்கிறது! தன் தெருவில் எந்த விளக்கு எரியவில்லை என்று அந்தப் பையனுக்குத் தெரியும். அதை நாலு சிறு வாக்கியங்களில், பிழை இரண்டு இருந்தாலும், தானே எழுதட்டும். வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லும் கேள்வியும் அப்படியே. பேருந்திலிருந்து இறங்கிப் புடவை வாங்க வழி கேட்கும் வெளியூராருக்கு நாள்தோறும் கை நீட்டி வழி காட்டுகிற பிள்ளைகள் தாமே இவர்கள்? வலது, இடது, நேரே என்ற மூன்று சொற்களும் ஆங்கிலத்தில் வந்துவிட்டால் மதிப்பெண் கைக்கு வந்ததுபோலத்தான்.

"எங்களுக்கு ஆங்கிலமே தெரியாதே, நாங்கள் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று தாய்மார்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. தெரிய வேண்டியதில்லை, அம்மா. இரவு சாப்பாடு ஆனதும் அரைமணி நேரம் பிள்ளையை உட்கார வைத்து, நம் வீட்டுப் புடவை எப்படி உண்டாகிறது என்பதை ஐந்து ஆங்கில வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சாயம் போடுவதற்கு முன்னாலேயே அவன் பாவைப் பிணைத்துவிட்டானா, தார் சுற்றாமலே நெய்யத் தொடங்கிவிட்டானா என்று கண்டுபிடிக்க உங்களைக் காட்டிலும் தகுந்த பரீட்சகர் கிடையாது. மிச்சமிருக்கும் எழுத்துப் பிழைகளை மறுநாள் பள்ளிக்கூடத்தில் நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்.