விரலுக்குத் தக்க வீக்கம்

தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகிறவர், ஏழாம் நம்பர் காலுக்குப் பத்தாம் நம்பர் பாதுகாப்புக் காலணியைக் கேட்டு வாங்குவாரா? மாட்டார். பெரியது என்பதால் மட்டும் ஒரு பொருள் உயர்ந்ததாகிவிடாது என்பது அவருக்குத் தெரியும்.

அவரே, கையில் நாலு காசு சேர்ந்த பிறகு, நெடுநாள் ஆசையாகச் செல்லோ கற்கப் புறப்படட்டும். வயலினுக்கு அண்ணன் முறையான அந்த வாத்தியத்தை வாங்கும்போது மட்டும் காலணி நியாயம் மறந்துபோகிறது. "வளர்ந்த ஆளுக்கு முழு அளவுதான், மற்றதெல்லாம் குழந்தைகளுக்கு" என்று யாரோ சொல்ல, அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார். மூன்றாம் மாதம் இடது கை வலிக்கிறது. "இந்த வயதில் நமக்கு இது வராது" என்று வாத்தியத்தை மூலையில் சாத்திவிடுகிறார். குற்றம் வயதினுடையதா, அளவினுடையதா?

செல்லோவில் முழு, முக்காலே அரைக்கால், முக்கால், அரை என்று பல அளவுகள் உண்டு. இந்தப் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். முழுச் செல்லோவின் உடல் நீளம் சுமார் 75 சென்டிமீட்டர். முக்கால் செல்லோ சுமார் 69. வித்தியாசம் மூன்று விரற்கடைதான்! பெயரில் கால் பங்கு குறைந்தாலும் நீளத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை.

ஆனால் அந்த மூன்று விரற்கடை, விரல்களுக்குப் பெரிய விஷயம். முழுச் செல்லோவின் முதல் பிடியில் ஆட்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் விரிய வேண்டும். சில சுரங்களுக்கு இன்னும் அதிகம். சிறிய கையை நாள்தோறும் இப்படி இழுத்தால் சுருதியும் சேராது, சுகமும் இராது.

சோதனை எளிது. நாற்காலியின் முன் விளிம்பில், தொடை தரைக்கு மட்டமாக அமருங்கள். வாத்தியத்தின் மேல் விளிம்பு நெஞ்சின் நடுவில் சாய வேண்டும். அடித்தந்தியின் முறுக்காணி இடது காதுக்குப் பின்னால் வர வேண்டும். நான்கு விரல்களும் மணிக்கட்டு கோணாமல் தந்தியில் விழ வேண்டும். ஐந்தடிக்கு மேற்பட்டோர் பெரும்பாலோருக்கு முழு அளவே பொருந்தும் என்பது உண்மைதான். ஆயினும் உயரம் சாட்சி மட்டுமே. தீர்ப்புச் சொல்ல வேண்டியது கை.

பெரிய செல்லோவில் நாதம் கனமாக இருக்குமே என்பீர்கள். இருக்கும், வாசிக்க முடிந்தால்! இத்தாலிய மேதை ஸ்ட்ராடிவாரியே முதலில் பெரிய செல்லோக்களைச் செய்தவர். 1707-ஐ ஒட்டித்தான் உடலைக் குறுக்கிச் சுமார் 75 சென்டிமீட்டருக்கு வந்தார். இன்று நாம் 'முழு' என்று வணங்குவதே குறைக்கப்பட்ட அளவுதான். நெதர்லாந்தில் பிறந்து ஹிந்துஸ்தானி இசை பயின்ற சாஸ்கியா ராவ், தரையில் அமர்ந்து வாசிக்கத் தோதாகச் சிறிய செல்லோ ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். அவரைக் குழந்தை என்பாரா யாரும்?

நமக்கும் இது புதிதன்று. ஆண் குரலுக்குப் பெரிய தம்புரா, பெண் குரலுக்குச் சிறிய தம்புரா என்று வைத்தவர்கள் நாம். திமிரி நாகஸ்வரம் இருக்க, நீண்ட பாரி நாகஸ்வரத்தைப் புகழ்பெறச் செய்தார் டி. என். ராஜரத்தினம் பிள்ளை. மனிதனுக்காக வாத்தியம்; வாத்தியத்துக்காக மனிதன் அல்ல.

ஆகவே பணத்தைக் கட்டுமுன் ஆசிரியர் ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். இரண்டு மூன்று அளவுகளை மடியில் சாய்த்துப் பாருங்கள். வாடகைக்குக் கிடைத்தால் முதலில் ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். முக்காலே அரைக்கால் அளவு எளிதில் கிடைக்காது. இரண்டு கடை ஏறி இறங்குவதில் நஷ்டமில்லை. குறிப்பாக, சொந்தச் சம்பாத்தியத்தில் கற்க வரும் நம் பெண்களிடம், "சின்னதா?" என்று யாரும் சிரிக்க வேண்டாம். பகலெல்லாம் இயந்திரத்தின் அளவுக்கு உழைக்கும் கைக்கு, மாலையிலாவது அதன் அளவுக்கு ஒரு வாத்தியம் இருக்கட்டுமே!