விமானிகளின் ஓசிப் பிரயாணம்

அமெரிக்காவில் ஒரு விமானக் கம்பெனியைச் சேர்ந்த விமானி, போட்டிக் கம்பெனியின் விமானத்தில் ஏறி, அதன் காப்டனிடம் சென்று, "உங்களோடு வரலாமா?" என்று கேட்பது தினசரி நடக்கிற காரியம். டிக்கெட் கிடையாது, கட்டணமும் கிடையாது. பிரயாணிகள் பகுதியில் இடம் காலியிருந்தால் அதில் உட்காருவார். இல்லாவிட்டால், விமானி அறையில் இரு விமானிகளுக்கும் பின்னால் மடக்கி வைத்திருக்கும் சிறு ஆசனம் ஒன்று உண்டு. 'ஜம்ப் ஸீட்' என்று பெயர். சர்க்கார் பரிசோதகர்கள் வந்தால் உட்காருவதும் அதில்தான்.

வியாபாரத்தில் ஒருவரை ஒருவர் விழுங்கப் பார்க்கும் கம்பெனிகள் இந்த விஷயத்தில் மட்டும் சிநேகிதர்கள். 'என் ஆளை நீ ஏற்றிக்கொள், உன் ஆளை நான் ஏற்றிக்கொள்கிறேன்' என்று உடன்படிக்கை. ஆனாலும் கடைசி வார்த்தை காப்டனுடையது. அவர் மாட்டேன் என்றால் அப்பீல் இல்லை. வேலை நிறுத்தக் காலத்தில் சங்கத்துக்குத் துரோகம் செய்து விமானம் ஓட்டியவர்களைப் பல வருஷங்கள் கழித்தும் ஞாபகம் வைத்திருந்து, ஏற்ற மறுத்த காப்டன்கள் உண்டு!

வெளியாளை விமானி அறையில் உட்காரவைப்பது ஆபத்தில்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1994 ஏப்ரல் 7-ந் தேதி, உத்தியோகம் பறிபோகுமென்று அஞ்சிய பெடெக்ஸ் சிப்பந்தி ஒருவர், தம் கம்பெனியின் சரக்கு விமானத்தில் இவ்விதம் ஏறி, விமானிகளைச் சுத்தியலால் தாக்கினார். படுகாயத்துடன் போராடி அவரை அடக்கி, விமானத்தை மெம்பிஸில் இறக்கினார்கள் அந்த வீரர்கள். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அயல் கம்பெனி விமானிகளுக்கு அந்த அறை மூடப்பட்டது. ஆசாமி இன்ன கம்பெனியில் இன்றும் வேலையில் இருக்கிறாரா என்று போட்டோவுடன் கம்ப்யூட்டரில் சரிபார்க்கும் ஏற்பாடு வந்த பிறகே மறுபடி திறந்தது. அப்படியும் 2023 அக்டோபர் 22-ந் தேதி, அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானி ஒருவர் சகோதரக் கம்பெனியின் விமானத்தில் ஜம்ப் ஸீட்டில் இருந்தபடி, என்ஜின்களை நிறுத்திவிடக்கூடிய பிடிகளைப் பற்றி இழுத்தார். விமானிகள் தடுத்து விமானத்தைக் காப்பாற்றினர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தோனேஷியாவில் 2018 அக்டோபர் 28-ந் தேதி, லயன் ஏர் விமானம் ஒன்று தானாகவே மூக்கைத் தாழ்த்திக்கொண்டு முரண்டு பிடித்தது. ஜம்ப் ஸீட்டில் வந்த, வேலையில் இல்லாத ஒரு விமானியும் உதவ, விமானம் பத்திரமாக இறங்கியது. மறுநாள் அதே விமானத்தில் மூன்றாவது ஜோடிக் கண்கள் இல்லை. கடலில் விழுந்து 189 பேர் மாண்டார்கள்.

ஆகையால் ஆசனத்தின் மீது பழி போடுவதில் அர்த்தமில்லை. ஏன் இத்தனை பேருக்கு அது தேவைப்படுகிறது என்பதே விஷயம். விமானி குடியிருப்பது ஓர் ஊர். கம்பெனி வேலை தரும் நிலையம் வேறு ஊர். இளம் விமானியின் சம்பளத்தில் நியூயார்க்கில் வீடு பிடிக்க முடியுமா? பலர் சேர்ந்து விமான நிலையத்தருகே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, முறைவைத்துப் படுக்கிறார்கள். அதற்கும் கையில் பணமில்லாதவர் நாற்காலியில் சாய்கிறார்.

2009 பிப்ரவரி 12-ந் தேதி பஃபலோ நகரருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் துணை விமானி 24 வயதுப் பெண். வீடு ஸீயாட்டில், வேலை 3,800 கிலோமீட்டருக்கும் அப்பால் நூவர்க்கில். முதல் நாள் இரவு இரண்டு சரக்கு விமானங்கள் மாறி, காலை ஆறரை மணி சுமாருக்கு வந்து சேர்ந்தார். காப்டனோ முந்தைய இரவைச் சிப்பந்திகள் அறையிலேயே கழித்திருந்தார். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது காப்டன் தவறாகச் செயல்பட்டதே விபத்துக்குக் காரணம் என்றது விசாரணை. களைப்பும் அவர்களைப் பாதித்திருக்கும், எவ்வளவென்று அளக்க முடியவில்லை என்றும் சொல்லிற்று.

அமெரிக்க சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 2014 ஜனவரியில் புதிய விதி அமுலுக்கு வந்தது. வேலைக்கு முன் 10 மணி நேர ஓய்வு; அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு. சரக்கு விமானங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள்! (சரக்கு விமானிக்குத் தூக்கம் வராது போலும்.) வீட்டிலிருந்து நிலையத்துக்கு வரும் பிரயாணத்தை மட்டும் யாரும் தொடவில்லை. 2011-ல் அதை ஆராய்ந்த நிபுணர் குழு, விதி செய்யப் போதிய புள்ளிவிவரம் இல்லை என்றது. ஆக, இரவெல்லாம் ஜம்ப் ஸீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாலும் சட்டத்தின் கணக்கில் அது வேலை நேரமல்ல. 'வேலைக்குத் தகுதியாக இருக்கிறேன்' என்று விமானியே உறுதி கூற வேண்டும்.

கம்பெனி உத்தியோக காரியம் என்று பொருள்படும் ஆங்கில எழுத்துக்களிலிருந்தே நம் 'ஓசி' பிறந்தது என்பார்கள். இந்த ஓசிப் பிரயாணமோ கம்பெனியின் காரியமல்ல, விமானியின் சொந்தக் காரியம் என்று ஒதுக்கப்படுகிறது. சில கம்பெனிகள் இப்போது வெளியூர் விமானிகளுக்கு முதல் நாள் இரவே ஓட்டல் அறை கொடுக்கின்றன. ஆள் சேர்ப்பதற்காகக் காட்டும் ஆசைதான் என்றாலும், இதையே எல்லாருக்கும் கட்டாயமாக்கினால் என்ன? ஓர் அறையின் வாடகை, பறக்கிற ஒரு விமானத்துக்குப் பெரிய செலவாகிவிடாது. வாசலில் நின்று அடையாளச் சீட்டைச் சரிபார்க்க ஆளும் யந்திரமும் இருக்கிறது. முந்தின இரவு எங்கே படுத்தாய் என்று கேட்கத்தான் ஒருவருமில்லை.